கீழ்த்தட்டு மருந்து

திரிபோலி, மார்ச் 2

அன்புள்ள விதாத் அக்காவுக்கு,

நேற்று அழகு நிலையத்தில் குளிர்பெட்டியைத் துடைக்கும்போது ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. மதாம் நுஹாத் தன் முகச் சுருக்கத்துக்கென்று குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்திருக்கும் ஊசி மருந்தில் அசல் என்று காட்டும் எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கிறது. வாடிக்கையாளர் அட்டையில் ஒட்ட ஒன்று, நோட்டில் ஒட்ட ஒன்று. கீழ்த்தட்டு மருந்து எதிலும் ஸ்டிக்கர் இல்லை. உனக்குப் போட்டது கீழ்த்தட்டு.

வரும் எட்டாம் தேதி மதாமுக்கு ஊசி. மகளுக்கு நிச்சயதார்த்தமாம். நம் முகத்துக்கு மதாம் கை போதும், மதாம் முகத்துக்கு மட்டும் டாக்டரம்மா வருகிறார்.

நீ போனை உடைத்துப் போட்டதால் இதை வேன்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். கன்னத்துப் புண் காய்ந்ததா? சித்தி வைக்கும் பருப்பு சூப்பையாவது குடி.

உன் தங்கை,
ஹனீன்

பால்பெக், மார்ச் 5

ஹனீன்,

புண் காய்ந்துவிட்டது. குழி அப்படியே இருக்கிறது. இந்த முகத்தோடு வரவேற்பு மேசையில் உட்கார வேண்டாம் என்று ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள்.

ஊசி போட்ட கையோடு, முகம் மரத்திருக்கும்போதே, கண்ணாடியைக் கொடுத்து "திருப்தியா?" என்று கேட்டாள் உன் மதாம். தலையாட்டினேன். நோட்டில் "மிகவும் திருப்தி" என்று என் பெயரில் எழுதியது நீ. புண்ணோடு நியாயம் கேட்க வந்தபோது அதைக் காட்டித்தானே என்னை வாசலிலேயே நிறுத்தினாள்? "திருப்தின்னு எழுதிட்டு, வீட்ல போயி கன்னத்தைச் சொறிஞ்சுக்கிட்டு வந்து என்னைச் சொல்றியா?" அப்போதும் நீ துடைப்பத்தோடு தலைகுனிந்து நின்றாய்.

எட்டாம் தேதி டாக்டரம்மாவுக்கு ஊசி, மருந்தெல்லாம் எடுத்து வைக்கப்போவது நீதானே? கீழ்த்தட்டிலிருந்து எடுத்து வை. அவள் கன்னத்திலும் குழி விழட்டும். முடியாதென்றால் இனி எனக்கு எழுதாதே.

விதாத்

திரிபோலி, மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கீழ்த்தட்டிலிருந்துதான் எடுத்து வைத்தேன். ஊசி உள்ளே போகும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

கன்னத்தில் மரப்புக் களிம்போடு மூன்று பெண்கள் பக்கத்திலேயே காத்திருந்தார்கள். டாக்டரம்மா உறையைத் திருப்பிப் பார்த்து, ஸ்டிக்கர் எங்கே என்றார். மதாம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"கீழ்த்தட்டுல இருக்கிறதையா என் மூஞ்சிக்குக் கொண்டு வந்த?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"எங்க அக்காவுக்கு இதைத்தானே போட்டீங்க மதாம். நல்ல மருந்துன்னீங்களே."

"அது வர்றவங்களுக்குடி, கழுதை. எனக்கில்ல."

கடைசியில் உட்கார்ந்திருந்த பெண் கைக்குட்டையால் களிம்பைத் துடைக்கத் தொடங்கினாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் மதாம். சரி என்றேன்.

பிறகு நோட்டில் உன் பக்கத்தைத் திறந்தேன். "மிகவும் திருப்தி" என்பதற்குக் கீழே, அதே கையெழுத்தில், "இதே மருந்தை மதாம் நுஹாத் தன் முகத்துக்கு வேண்டாம் என்றார்" என்று எழுதி, தேதி போட்டு, அந்தப் பெண்ணின் மடியில் வைத்தேன்.

ஹனீன்