இப்போதைக்குப் போட்ட கம்பி

செப்டம்பர் 7, ஞாயிறு

பழைய இரும்புக் கடையில் கிடந்த வால்வு ரேடியோவைத் தூக்கி வந்துவிட்டேன். மரப்பெட்டி. முன்பக்கத் துணியை எலி கடித்திருக்கிறது. "இதுல பாட்டெல்லாம் வராது கண்ணு, கோழி அடைக்கத்தான் ஆகும்" என்றார் கடைக்காரர். எனக்குப் பாட்டு வர வேண்டாம். என் கிடாரின் சத்தம் வந்தால் போதும். சத்தம் கூட்டும் ஆம்ப் புதிதாக வாங்க வழியில்லை. நாள் முழுக்க செல்போனைப் பிரித்துப் போடுகிறவளுக்கு இதைப் பிரிக்கத் தெரியாதா?

ஆயுத பூஜையன்று தறிப்பட்டறையில் நான் வாசிக்கலாமா என்று அம்மா முதலாளியிடம் கேட்டுவிட்டாள். சரி என்றாராம். பதினாறு வருடம் சென்னியப்பன் பட்டறையில் தறி ஓட்டியவள் அவரிடம் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் இது. வந்ததும் எனக்கு எச்சரிக்கை: "அங்க வந்து உன்ற ஞாயத்தையெல்லாம் பேசாத சாமி. என்ற தறி போயிரும்."

செப்டம்பர் 10

அம்மாவுக்குத் தறியில் மறுபடி ஷாக். பொங்கலுக்குப் பிறகு இப்படித்தானாம். பக்கத்துத் தறி பாவாயி அக்கா இதற்குப் பெயரே வைத்திருக்கிறாள் — "மொதலாளி கிள்ளறாரு."

முதலாளியிடம் சொல்லி வயர்மேனைக் கூப்பிடச் சொல் என்றேன். "லைட்டு எரியுதில்ல? தறி ஓடுதில்ல?" என்றாள் அம்மா. பேச்சு முடிந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

ரேடியோவைத் திறந்தேன். ஊதிப்போன கண்டன்சர்களை மாற்றினேன். ஸ்டேஷன் பிடிக்கும் பகுதியைக் கழற்றிவிட்டு, கிடார் ஒயரை நேராக சத்தம் கூட்டும் பகுதிக்குக் கொடுத்தால் போதும்.

ஆனால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரே இல்லை. மின்சாரத்தின் ஓர் ஒயரை நேராக அடியிலுள்ள இரும்புத் தட்டில் பற்றவைத்திருக்கிறார்கள். ரேடியோவாக இருந்தவரை ஆபத்தில்லை. மரப்பெட்டி, பிளாஸ்டிக் திருகு, இரும்பை யாரும் தொடப்போவதில்லை. கிடாரை மாட்டினால் அந்தத் தட்டும் என் விரலில் இருக்கும் தந்தியும் ஒன்று. இடையில் தனி டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். சேலத்துக் கடையில் கேட்டேன். பூஜை கழித்துத்தான் வருமாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சத்தம் வந்துவிட்டது! வால்வு சூடாகி மெல்லச் சிவந்து, பிறகு கரகரவென்று தடித்த குரல். தொண்டை கட்டிய ஆள் கோபமாகப் பேசுவது போல. எனக்கு வேண்டியது இதுதான்.

ஷாக்கும் வந்தது. பிளக்கைத் திருப்பிச் செருகியிருந்தேன். சரியான பக்கம் செருகினால் தட்டு, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலோடு சேர்ந்துவிடும், ஒன்றும் செய்யாது. பிளக்கில் அந்தப் பக்கம் சிவப்பு நகப்பூச்சு வைத்தேன். இது சரியான வழி இல்லை, தெரியும். இப்போதைக்கு.

செப்டம்பர் 27

கடையில் இன்று பதினேழு போன் ரிப்பேர். விரல் வலிக்கிறது. வாசிக்கவில்லை.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

ஒரு பாட்டுகூட வாசிக்கவில்லை.

பட்டறையைக் கழுவி விட்டிருந்தார்கள். தரை ஈரம். செருப்பெல்லாம் வாசலில், எல்லோரும் வெறுங்கால். தறிக்குத் தறி சந்தனம், குங்குமம், மேலே வரிசையாக சீரியல் செட். எல்லா விளக்கும் போட்டும் வெளிச்சம் மங்கல்தான். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

டெஸ்டர் வைத்து லைனைப் பார்த்து, சிவப்புப் புள்ளியை நியூட்ரல் பக்கம் செருகினேன். தந்தியைத் தொட்டேன். தூக்கி அடித்தது. கிடார் கீழே. "அட, மொதலாளி பாப்பாவையும் கிள்ளீட்டாரு!" என்று பாவாயி அக்கா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நியூட்ரல் துளையிலும் டெஸ்டர் எரிந்தது. மீட்டரின் ஒரு முனையை அம்மாவின் தறியில் வைத்தேன், இன்னொன்றை ஈரத் தரையில். 92 வோல்ட். சீரியல் செட்டை அணைத்தால் 60. ஒயர் போன வழியே பின்பக்கம் போனேன். குழாயடியில் ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்திருந்தார்கள். பொங்கலில் கரண்ட் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் அறுந்ததாம். அதற்குப் பதில் இந்தக் கம்பி. தறிகளின் எர்த் ஒயரும் இதிலேயே. விளக்குக்குப் போகும் கரண்ட் மண்ணில் இறங்க முடியாமல் தறியில் ஏறி நிற்கிறது.

"அது இப்போதைக்குப் போட்டது பாப்பா" என்றார் முதலாளி.

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் பிளக்தான் கண்ணில் நின்றது. அதனால் இன்னும் கத்தினேன். "ஒம்பது மாசமா இப்போதைக்கா? செத்தா யாருங்க பதில் சொல்றது?"

"பூஜ நாளும் அதுவுமா மிஷினக் குத்தஞ் சொல்றதா?" — என்னிடம் இல்லை, அம்மாவிடம். "ஏம்மா, இதுக்குத்தான் அன்னிக்குக் கேட்டயா?"

"மன்னிச்சுக்கங்க மொதலாளி." அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பொரிப் பொட்டலத்தைக்கூட எடுக்கவில்லை.

அக்டோபர் 2, விஜயதசமி

அம்மா சொல்லித்தான் தெரியும். நல்ல நேரத்தில் தறியை ஓட்டித் தொடங்க வேண்டும். அது தவறினால் வருடமே தவறும் என்பது முதலாளியின் நம்பிக்கை. போய்த் தறியைப் போடுங்கள் என்றிருக்கிறார். எவளும் நகரவில்லை.

பாவாயி அக்காதான், "மொத ஓட்டம் மொதலாளி கையால இருக்கட்டும்ங்க" என்றாளாம். அவர் தறியிடம் போனதும், "பூஜ போட்ட மிஷினுங்க. செருப்பக் கழட்டீட்டுத் தொடுங்க" என்றிருக்கிறாள்.

அவர் தறியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றவில்லை. நல்ல நேரம் போய்விட்டது. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

"நீ என்ன செஞ்சே?"

"கையக் கட்டிக்கிட்டு நின்னேன்." சிரிக்காமல் சொன்னாள்.

அக்டோபர் 4

லைன்மேன் வந்து நியூட்ரலைச் சேர்த்துவிட்டார். எர்த் தனியாகப் போட்டாயிற்று. நாற்பது நிமிட வேலை. எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டாயிற்று, அம்மாவைத் தவிர. "உம்புள்ள படிச்சவ, பாத்துக்குவா" என்றாராம் முதலாளி.

பாவாயி அக்கா வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கோபப்படக் கூடாது. படுகிறேன்.

அக்டோபர் 8

டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. மாட்டினேன். வெறுங்காலில் நின்று தந்தியைத் தொட்டேன். ஒன்றுமில்லை. சத்தம் சுத்தம்.

அம்மா வந்து கேட்கவில்லை. வேலை போன நாளிலிருந்து என்னோடு பேச்சில்லை. அவளைக் கேட்காமல் அவள் தறியை வைத்து நான் நியாயம் பேசினேனா? பேசாமல் இருந்திருந்தால்? — தெரியவில்லை. சோர்வாக இருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

அம்மா காலையிலேயே ஒரு புதுப் பட்டறைக்கு வேலை கேட்டுப் போனாள். பத்து மணிக்கே திரும்பிவிட்டாள். நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"என்னாச்சு?"

"தறியத் தொடறதுக்கு முன்னால, எர்த்து எங்க போட்டிருக்கீங்க, காட்டுங்கன்னேன். வேலைக்கு வந்தவளா, இல்ல இன்ஸ்பெக்டரான்னு அந்தப் பட்டறைக்காரன் கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"வேலைக்கு வந்தவதானுங்க, அதனாலதான் கேக்கறேன்னேன். போகச் சொல்லீட்டான்."

தட்டைக் கழுவிச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மத்தியானம் கீழ்த்தெருப் பட்டறைக்குப் போறேன். அங்கயும் கேப்பேன்" என்றாள். சோற்றில் மோரை ஊற்றிக் கரைத்தாள்.