நடுவர் கேட்டால் மட்டும்

ராபர்ட்சன்பேட்டை
12-10-2025, காலை 6.10

ஷைலா அக்காவுக்கு,

நேற்று மாலை 4.47. பெண்கள் ஹைஸ்கூல் கால்பந்து அரையிறுதி, ஸ்கோர் 1–1. உங்கள் ஊரிகம் அணிப் பிள்ளை நிவேதா அடித்தாள், நீங்கள் கோல் என்று ஊதினீர்கள். பந்து அவள் கையில் பட்டது, ரீப்ளே ஓட்டும் என் லேப்டாப்பில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் நடுவர் கேட்டால் மட்டும் ரீப்ளே என்பது விதி. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களே விரலால் டிவி மாதிரி சதுரம் போட்டு ரீப்ளே கேட்டீர்கள். பார்த்தீர்கள், கோலை ரத்து செய்தீர்கள்.

ஊரிகம் பெனால்டியில் தோற்றது உங்கள் தப்பில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினால் சண்டையில் முடியும், அதனால் கடிதம். நன்றி அக்கா.

ரூபேஷ்

ஊரிகம்
14-10-2025

அன்புத் தம்பி ரூபேஷுக்கு,

சாப்பிடுகிறாயா, இல்லை அந்த ஒயர்களோடுதான் குடித்தனமா?

ஊதியதும் எதிரணி கோல்கீப்பர் லவினாவைப் பார்த்தேன். கத்தியிருந்தால் மஞ்சள் அட்டை காட்டியிருப்பேன். அவள் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டிவிட்டு, பேசாமல் பந்தை நடுக்கோட்டுக்கு உருட்டினாள். அதனால்தான் சதுரம் போட்டேன்.

நிவேதாவின் அம்மா பார்வதம்மா பக்கத்து வீடுதானே. "இன்னாம்மா, நம்ம புள்ள கோல் போட்டா மட்டும் உனக்கு டிவி பாக்கணுமா?" என்றார். அதோடு பேச்சு நின்றது. எங்கள் லைன் வீடுகளில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஃபைனலுக்கு வேறு ஆள் பாருங்கள் என்று கால்பந்து சங்கத்தில் சொல்லிவிட்டேன். உன் கேமராமேல் எனக்குக் கோபம் இல்லையப்பா. தப்போடு வீட்டுக்குப் போகாமல் காப்பாற்றியது அதுதான்.

அன்புடன்,
ஷைலா

ராபர்ட்சன்பேட்டை
16-10-2025

அக்கா,

வேறு ஆள் கிடையாது. நேற்று நிவேதா என் கடைக்கு வந்தாள். "அண்ணா, அந்த கோலு, அத்த போட்டுக் காட்டு" என்றாள். பார்த்தாள். "கைதான். எனக்கு அப்பவே தெரியும், சொல்ல பயம். ஃபைனலுக்கு ஷைலா மிஸ்தானே?" என்றாள். நான் லேப்டாப்பை மூடினேன். நீங்கள் விலகியதைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள்.

இனி நான் செய்யப்போவது:

1. இன்றே சங்கத்துக்குப் போய், ஃபைனல் பட்டியலில் உங்கள் பெயரை அடிக்க விடாமல் தடுப்பேன்.
2. நாளை மாலை நிவேதாவோடு உங்கள் லைனுக்கு வருவேன். அவள் அம்மாவிடம் அவளே பேசுவாளாம். நான் வாயைத் திறக்க மாட்டேன்.
3. நீங்கள் ஃபைனலுக்கு வராவிட்டால் மைதானத்தில் மாட்டிய மூன்று கேமராவையும் கழற்றிவிடுவேன். கேட்கிற நடுவர் இல்லாத ரீப்ளே எனக்கு வேண்டாம்.
4. சனிக்கிழமை ஃபைனலன்று இரண்டு மணிக்கு உங்கள் வாசலில் பைக்கோடு நிற்பேன். ரெடியாக இருங்கள்.

ரூபேஷ்