ஒன்பது நாள் மறைச்ச சேதி

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியமா இருக்கோம். எப்பவும் எழுதற வரிதான்னாலும் இந்தத் தடவை வார்த்தைக்கு வார்த்தை நிஜம், அதனால நிதானமா படி.

முதல்ல என்னைத் திட்டிடு. போன வாரம் நீ போன்ல கேட்டப்ப ஒண்ணுமில்லைன்னேன் இல்லையா, அது பொய். உன் தம்பி மக, நம்ம வாயாடிக்கு, வெள்ளை அணு திடீர்னு ரொம்ப இறங்கிடுச்சு. பிறவியிலேயே அவளுக்கு அது கம்மி, அதுக்குத்தான் தினமும் ஊசின்னு உனக்குத் தெரியும். ஆனா இந்த மாதிரிப் பிள்ளைங்கள்ல சிலருக்கு அது ரத்தப் புற்றுநோயா மாறலாம்னு டாக்டரம்மா எப்பவோ சொன்னாங்களே, அதுவா இருக்குமோன்னு எல்லாருக்கும் பயம். இடுப்பெலும்புல ஊசி விட்டு மஜ்ஜை எடுத்தாங்க. முடிவு வர ஒன்பது நாள் ஆகும்னுட்டாங்க. நீ மூட்டை கட்டிக்கிட்டு ஓடி வந்துடுவேன்னு நான்தான் யாரையும் சொல்ல விடலை.

அத்தனை நாளும் உன் தம்பிக்கு இதே வேலைதான். பட்டறைக்குப் போவான், வருவான், மக நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அவன் பொண்டாட்டி கழுவின தட்டையே திரும்பக் கழுவினா. நான் மட்டும் என்ன ஒழுங்கு, நம்ம ஜெராக்ஸ் கடையில ஒருத்தர் நாலு காப்பி கேட்டதுக்கு நாப்பது எடுத்து நீட்டினேன். அந்த ஆறு வயசுக்காரிதான் ஒரு கையால இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே பொம்மைக்கெல்லாம் ஊசி போட்டுக்கிட்டிருந்தா.

நேத்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாங்க. நாங்க உக்காரறதுக்கு முன்னாடியே டாக்டரம்மா, புற்றுநோய் இல்லைன்னுட்டாங்க. மஜ்ஜையில கெட்ட அணு எதுவும் இல்லையாம், மரபணுவுலயும் புது மாற்றம் இல்லையாம், அதுக்கு முன்னாடி வந்துபோன காய்ச்சல்தான் அணுவை இறக்கி விட்டிருக்காம். பயம் அடியோட போயிடலை, வருஷா வருஷம் மஜ்ஜை பார்க்கணும், ஊசியை ஒரு நாளும் விடக்கூடாதுன்னாங்க. போதும்டி, ஒரு வருஷம்னா எவ்வளவு பெரிசு! எலும்புக்குள்ள என்ன இருந்துச்சுன்னு வாயாடி அவங்களையே விசாரிச்சா. முழுக்க முழுக்க வாய்தான் இருந்துச்சுன்னு அவங்க சொல்லவும் உன் தம்பி சிரிக்க ஆரம்பிச்சு அழுதுட்டான்.

திரும்பும்போது எந்தப் பஸ்ல ஏறறதுன்னு அவனுக்கும் பொண்டாட்டிக்கும் நடுரோட்டுல சண்டை. மூணு பஸ் போயிடுச்சு. இத்தனை நாளா ஒருத்தரை ஒருத்தர் ஏறிட்டுக்கூடப் பார்க்காதவங்க. நான் குறுக்க போகாம, பஸ் ஸ்டாப் பெஞ்சுல பேத்தியை மடியில வெச்சுக்கிட்டு ஆசை தீரக் கேட்டுக்கிட்டிருந்தேன்.

நீ நோய்நொடி இல்லாம நிறைஞ்ச மனசோட இருக்கணும். லீவுக்கு வரும்போது லேசா சளி இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிடு, அவளுக்கு ஆகாது. தம்பியைக் கூப்பிட்டுப் பேசு, ஆனா கோவிச்சுக்காதே, பொய் என்னோடது. இனிமே நல்லதோ கெட்டதோ, அன்னிக்கே உனக்குச் சொல்லிடறேன்.

ராத்திரி நல்லாத் தூங்கி எழுந்த,
உன் அம்மா