தேர்வடம் நாச்சிமுத்து என்கிற பேர்

பரமத்தி வேலூர்,
பிரமாதி வருஷம், ஆடி மாசம் 3-ந் தேதி.

சிரஞ்சீவி பொன்னனுக்கு, பரமத்தி வேலூர் ராமாத்தாள் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. உன் கைகால் நோவில்லாமல் இருக்கவேண்டும் என்று காலையில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன்.

நீ என்னைப் பார்த்ததில்லை, நானும் உன்னைப் பார்த்ததில்லை. சேலத்துச் சுவரெல்லாம் "தேர்வடம் நாச்சிமுத்து" என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களே, அதில் மார்பை விரித்துக்கொண்டு நிற்கிறவன் என் பேரன். என் மகள் வயிற்றுப் பையன். வருகிற இருபத்திரண்டாம் தேதி அவன் பேரைச் சொல்லி கோதாவில் இறங்கப்போகிறவன் நீ. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன்னைப் பற்றி உஸ்தாத் நசுருல்லா சொன்னார். அவனையும் பழக்கினவர், உன்னையும் பழக்குகிறவர் அவர்தானே. நீ ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன், அம்மா மட்டும் இருக்கிறாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாய் என்றார். அதனால் எழுத்தைப் பெரிசாக எழுதுகிறேன். தபாலில் போட்டால் பீடிக் கம்பெனி ஏஜெண்டு தண்டாயுதபாணி பிரித்துப் பார்ப்பார் என்பதால் உஸ்தாத் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நான் அந்தக் காலத்திலேயே ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் ஊரில் பொம்பளைகளில் நான் ஒருத்திதான். கிரயப் பத்திரம் ஆனாலும் கோர்ட்டு நோட்டீஸ் ஆனாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். போன வருஷம் அந்த ஏஜெண்டு காரில் வந்து இறங்கி, பேரனுக்குப் பாலும் முட்டையும் பாதாமும் கம்பெனி கொடுக்கும், குஸ்தி பழகுகிற தாலிம்கானாச் செலவும் கம்பெனியே பார்க்கும் என்று சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினார். ஊரே கூடிவிட்டது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரிடத்தில்கூடத் தட்டாமல் சத்தமாகப் படித்தேன். ஏஜெண்டு வாயைப் பிளந்து, "ஏனுங்கம்மா, வக்கீலாட்டமல்ல படிக்கறீங்க!" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

"தேர்வடம் நாச்சிமுத்து என்கிற பேரும் படமும் கம்பெனிக்குச் சொந்தம்" என்று அதில் இருந்தது. படித்தேன். கோயிலுக்கு விட்ட காளையைக் கோயில்காளை என்று சொல்கிறதில்லையா, அந்த மாதிரி ஒரு பெருமை என்று எடுத்துக்கொண்டேன். "மேற்படி பேருக்குத் தோல்வி நேரும்படி இவர் தாமாகச் சரணடையக் கூடாது" என்றும் இருந்தது. அதையும் படித்தேன். என் பேரன் எதற்கு அப்பா சரணடையப் போகிறான் என்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன். அவனுக்குக் கார்டியன் என்று நான்தான் கையெழுத்துப் போட்டது. கைநாட்டு இல்லை. முழுக் கையெழுத்து.

அப்புறம் பார்க்கவேண்டுமே. நாமக்கல்லிலிருந்து கரூர் வரைக்கும் சுவரில் அவன் படம். பீடியே குடிக்காத பையன் கையில் பீடிக்கட்டைப் பிடித்திருக்கிற மாதிரி வரைந்துவிட்டார்கள். "அம்மாயி, நான் குடிக்கறன்னு நெனைச்சு எனக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று கேட்டான். "போடா, ராணி வருவா" என்றேன். மண்டிக்கு வெற்றிலைக் கவுளி கொண்டுபோனால் "தேர்வடம் பாட்டி வருது, வழி உடுங்க" என்பார்கள். என் சொந்தப் பேரை யாரும் சொல்லாமல் போனது எனக்கு இனித்தது, சாமி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நிற்க. திருச்செங்கோட்டில் நடந்ததை உனக்கு எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று உஸ்தாத் சொன்னார். நாச்சிமுத்துக்குக் குஸ்தி அலுத்துவிட்டது, பாட்டியோடு வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறான் என்றார்களாம். அவன் இங்கே கயிற்றுக்கட்டிலில் படுத்திருக்கிறான். கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. ஈ உட்கார்ந்தால் "அம்மாயி, மூக்குல" என்பான், நான் ஓட்டுவேன். மணிக்கு ஒரு தரம் புரட்டிப்போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வைத்துவிடுகிறது. இரண்டு வைத்தாயிற்று. பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் ஒரு கை பிடிக்கிறாள். இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து தூக்கமுடியாத உடம்பு அப்பா அது. இப்போது நானும் அவளும் புரட்டுகிறோம்.

வைகாசித் தேருக்கு நடந்த குஸ்தி அது. எதிரி, நீ இப்போது மோதப்போகிற அதே பஞ்சாப் பயில்வான்தான். கால் மணி நேரம் இரண்டு பேரும் சமமாகத்தான் நின்றார்கள். அப்புறம் அவர் இவனைக் குப்புறப் போட்டுக் கழுத்தைப் பிடித்துவிட்டார். தரையைக் கையால் தட்டினால் விட்டுவிடவேண்டும் என்பது முறை. அவர் நல்ல மனுஷன், அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். பிடித்துக்கொண்டே தன் பாஷையில் என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தார். தட்டிவிடு, தட்டிவிடு என்றுதான் கேட்டாராம், பின்னால் உஸ்தாத் சொன்னார். இவன் தட்டவில்லை. தோளைத் திருப்பி வெளியே வரப் பார்த்தான். கொடிக்காலில் அகத்திக்குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

ஏஜெண்டு உடனே மணியை அடித்துவிட்டார். நேரம் முடிந்தது, வெற்றி தோல்வி இல்லை என்று தகரக் குழாயில் கத்தினார்கள். மல்லாக்க அப்படியே படுக்கவைத்திருந்தால்கூடக் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆனால் பேர் விழக்கூடாதே. நாலு ஆட்கள் வந்து அவன் கழுத்தில் மாலையைப் போட்டு, தோளில் தூக்கிவைத்து, மேளத்தோடு வெளியே கொண்டுபோனார்கள். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிற்று. ஜனங்கள் கைதட்டினார்கள். பீடிக்கட்டுகளை வாரி வாரி எறிந்தார்கள், அதைப் பிடிக்க அடிதடி. நானும் கைதட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஏஜெண்டு அவன் பேரைக் குமாரசாமி என்று எழுதிக்கொடுத்தார். தென்னைமரத்திலிருந்து விழுந்தவன் என்று சொன்னார். நர்ஸம்மா "குமாரசாமி, குமாரசாமி" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பாவம் காதும் போய்விட்டதோ என்று என்னைக் கேட்டாள்.

அதற்குப் பிறகு மாசா மாசம் கம்பெனி வண்டி வந்து அரிசியும் தைலமும் இறக்கிவிட்டுப் போகிறது. வாயைத் திறக்காமல் இருக்கிற வரைக்கும் வரும் என்று தண்டாயுதபாணி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஊருக்குள் யாராவது வந்து கேட்டால் பேரன் சேலத்தில் இருக்கிறான் என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிடுகிறேன்.

போன மாசம் கரூரில் நீ ஒருத்தனை மூன்று நிமிஷத்தில் சாய்த்தாயே, அந்தச் சேதி இங்கே மண்டிக்கு வந்தது. அப்புசாமி என்று ஒரு வியாபாரி, "உங்க பேரன் கரூர்ல பிச்சு எறிஞ்சுட்டானுங்க!" என்று கை நிறையக் கற்கண்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது. வீட்டுக்கு வந்து ஒரு துண்டை இவன் வாயில் போட்டேன். "எதுக்கு அம்மாயி?" என்றான். "கரூர்ல நீ ஜெயிச்சுட்டியாமப்பா" என்று இவனிடம் சொன்னேன். கூரையைப் பார்த்தபடியே, "இந்தத் தடவை மேல் நோவே தெரியலையே" என்று சிரித்தான். கற்கண்டு தொண்டையில் சிக்கிவிடப் போகிறதே என்று நான் விரலை விட்டு எடுத்தேன்.

உன்னைப் பற்றி உஸ்தாத் சொல்லக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. பொறாமை என்று நினைத்தேன். இல்லை. "பஞ்சாபிகூடயா? அந்தப் பையன் எத்தனை சேர் எடை இருக்கான்?" என்றுதான் கேட்டான். நீ நாச்சிமுத்துவைவிட மெலிந்தவன், கோதாவில் இறங்கி ஏழு மாசம்தான் ஆகிறது என்றார் உஸ்தாத். இந்த ஜோடி வேண்டாம் என்று அவர் கம்பெனியில் மன்றாடியிருக்கிறார். பாதியில் நின்ற குஸ்தி என்று போட்டால்தான் கூட்டம் வருமாம், டிக்கெட்டெல்லாம் போய்விட்டதாம். குஸ்தி நடக்கிற காலியிடத்துக்கே தேர்வடம் மைதானம் என்று பலகை அடித்துவிட்டார்களாமே. போன வருஷம் வரை அங்கே ஆடு கட்டியிருந்தார்கள் என்றார்.

அவன் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், கவனமாகப் படி. அந்தப் பயில்வான் முதலில் உன் இடது காலைத் தேடுகிற மாதிரி குனிவாராம். அதை நம்பாதே. அவருக்கு வேண்டியது உன் வலது அக்குள். கை உள்ளே போய்விட்டால் உன்னைக் குப்புறப் போடாமல் விடமாட்டார். போட்டபிறகு முழங்கை கழுத்தின் மேல் ஏறும். ஏறிய பிறகு தோளைத் திருப்பாதே. எத்தனை பேர் "திருப்பு, திருப்பு" என்று கத்தினாலும் திருப்பாதே. நான் திருப்பினேன், அதனால்தான் போயிற்று என்று எழுது அம்மாயி என்றான். எழுதிவிட்டேன்.

இனி எழுதுவது அவன் சொன்னது இல்லை. அவன் தூங்குகிறான்.

திருச்செங்கோட்டில் கம்பெனிக்காரர்கள் என்னை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஒருத்தி பொம்பளை. பயில்வானை வளர்த்த பாட்டி என்று தகரக் குழாயில் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றேன். நோட்டீஸில் அவனுக்குப் பின்னால் வரைந்திருக்கிறார்களே, அதே தேர்ப் படம் போட்ட சால்வையைப் போர்த்தினார்கள். வைகாசி வெயிலில் அதைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவன் குப்புற விழுந்தபோது முகம் என் பக்கம் இருந்தது. எங்கள் வாசலுக்கும் கிணற்றடிக்கும் உள்ள தூரம்கூட இல்லை. இடது கை சும்மாதான் கிடந்தது. யாரும் பிடிக்கவில்லை. அதைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினான். தூக்கிவிட்டு என்னைப் பார்த்தான். கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. சின்ன வயதில் பலகாரத்தைத் தொடுவதற்கு முன்னால் அப்படித்தான் பார்ப்பான்.

நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன்.

கையைக் கீழே வைத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் தோளைத் திருப்பினான்.

கம்பெனி செய்தது, ஏஜெண்டு செய்தது என்று எத்தனையோ சொல்லலாம். சொல்லியும் விட்டேன். ஆனால் அந்தக் கை மேலே வந்ததைப் பார்த்தது நான் ஒருத்திதான். உஸ்தாத்துக்குக்கூடத் தெரியாது. இரண்டு மாசமாக அவனைக் குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், மலம் ஜலம் எடுக்கிறேன். ஒரு நாள்கூட அவன் அதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிட்டால் தேவலை.

நீ இந்தக் குஸ்தியை விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ராசிபுரம் போய்விடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். போகமுடியாது என்று உஸ்தாத் சொல்கிறார். உன் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறாளாம். அவளுக்குப் படிக்கத் தெரியாதாம், ஏஜெண்டு படித்துக் காட்டினாராம். எல்லா வரியையும் படித்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. படித்திருந்தாலும் என்ன. எல்லா வரியையும் படித்தவள் நான்.

அதனால் நான் வருகிறேன். இருபத்திரண்டாம் தேதி இவனைக் கந்தம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு விடிகிற பஸ்ஸில் ஏறுவேன். வண்டி அரிசி நின்றால் நிற்கட்டும். உஸ்தாத் என்னை உள்ளே விட ஏற்பாடு செய்கிறேன் என்றிருக்கிறார். எனக்கு இந்தத் தடவை நாற்காலி கிடைக்காது. மேற்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதாம், அதன் ஓரமாக நிற்பேன். வெள்ளைச் சேலை கட்டின கிழவி ஒருத்திதான் இருப்பாள், தேடவேண்டியதில்லை.

அவர் கை உன் கழுத்துக்கு வந்துவிட்டதென்றால், சாமி, ஜனங்கள் கத்துவதைக் கேட்காதே, ஏஜெண்டு முகத்தைப் பார்க்காதே. தொட்டிப் பக்கம் பார். நான் சரி என்று தலையாட்டுவேன். கழுத்து வலிக்கிற வரைக்கும் ஆட்டுவேன். உடனே தட்டிவிடு, கண்ணு. இரண்டு தரம் தட்டு. ஒரு தரம் அவருக்குத் தெரியாமல் போனாலும் போகும்.

நோவில்லாமல் எழுந்து உன் அம்மாவிடம் நடந்து போ.

இப்படிக்கு,
உன் நன்மையை வேண்டும்
ராமாத்தாள்