கொல்லைக்குப் பூட்டு

மார்ச் 3, திங்கள்

தம்பி பெண்டாட்டிக்குப் பாம்பு பயமாம். இன்றைக்கும் அவன் மாடியிலிருந்து இறங்கி வந்து அதையே ஓதிவிட்டுப் போனான். "சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்துக்கா. குழந்தை தவழுற வீடு. கொல்லையைக் காடு மாதிரி வச்சிருக்கே."

குழந்தை தவழ்வது மாடியில். பாம்பு என்ன, படியேறி வந்து கதவைத் தட்டுமா? அவளாக வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மேலேயிருந்து தூது அனுப்புகிறாள், மகாராணி.

நானும் தம்பியும் இந்த வீட்டுக்கு வந்தபோது கொல்லை முழுக்கச் செங்கல் ஜல்லி. கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். சருகும் காய்கறித் தோலும் போட்டுப் போட்டு, இப்போது வெறுங்கையால் தோண்டலாம். இதைக் கொளுத்த வேண்டுமாம்.

மார்ச் 8

கொல்லைக் கீரைப்பாத்தியில் ஒரு தேரை நத்தையைத் தின்கிறது. கீரையில் ஒரு ஓட்டை இல்லை. யாரிடம் சொல்ல?

மார்ச் 14, வெள்ளி



பள்ளிக்கூட ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு வழக்கம்போல் வந்தேன். கொல்லைக் கதவைத் திறந்ததும் நாற்றம் மூக்கில் அடித்தது. கீரை சோர்ந்து கிடந்தது. மண்புழுக்கள் மேலே வந்து நெளிந்துகொண்டிருந்தன. தேரை தண்ணீர்த் தொட்டியருகில் மல்லாந்து — பாவி, அது உன்னை என்ன செய்தது?

படியடியில் நின்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும்.

"ஆள் விட்டு மருந்து அடிச்சேன்கா," என்றான், தலை வாரிக்கொண்டே. "களைக்கும் பூச்சிக்கும் சேர்த்து. அவ பயப்படுறா, நான் என்ன பண்றது?"

அவள் அவன் பின்னால் நின்றாள். கல்லுளிமங்கி.

கொடியில் குழந்தைத் துணி. அதன்மேலும் பட்டிருக்கும். படட்டும் என்று நினைத்தேன். சீ, நானும் ஒரு மனுஷியா? "அந்தத் துணிய புள்ளைக்குப் போடாதே," என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 15

கடையிலேயே பெரிய பூட்டாகக் கேட்டு வாங்கிக் கொல்லைக் கதவில் போட்டேன். இனிமேல் அவர்கள் துணியை அவன் தலையில் காயப்போடட்டும்.

மார்ச் 19

"இந்த வீட்டுல எனக்கும் பங்கு இருக்கு," என்றான்.

"வா, எடுத்துக்க. செத்த புழுவுல பாதி உனக்கு."

மார்ச் 23, ஞாயிறு

அவள் வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். நான் உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணி, எனக்குப் பாம்புன்னா பயமெல்லாம் இல்ல."

நான் வெங்காயம் நறுக்கினேன்.

"அவரு கார் வாங்கப் போறாரு. நிறுத்த இடம் வேணுமாம். கொல்லை மொட்டையாயிட்டா நீங்களே விட்டுடுவீங்கன்னு நெனச்சாரு. நான் தடுப்பூசி போடக் குழந்தையத் தூக்கிட்டுப் போன நேரம் பாத்து ஆளக் கூப்பிட்டிருக்காரு. என் பேர இழுத்திருக்காருன்னே, நீங்க கத்துனப்பத்தான் தெரியும்."

"அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

மாட்டேன்தான்.

"அந்தத் துணியெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன் அண்ணி. நீங்க சொல்லலேன்னா போட்டு விட்டிருப்பேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அவள்தான் அணைத்தாள்.

என் கூடப் பிறந்தவன். என்னிடம் நேராகக் கேட்க வாயில்லை, பெண்டாட்டி முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு புழுவைக் கொல்கிறான். கார் வேண்டுமாம் கார்!

ஏப்ரல் 2

மருந்து பட்ட மேல்மண்ணை வழித்துச் சாக்கில் கட்டினேன். தூக்க முடியவில்லை. மறுமுனையை அவள் பிடித்தாள். கூப்பிடவில்லை, அவளாக வந்தாள்.

மே 11

ஒன்றுமே முளைக்கவில்லை. எறும்பு கூட இல்லை. அவனோடு பேச்சு இல்லை, பேசப் போவதும் இல்லை.

ஜூன் 21, சனி

மாலையில் கொத்திக்கொண்டிருந்தோம். அவள் சட்டென்று கையை நிறுத்தினாள். மண்கட்டி உடைந்த இடத்தில் நூல் மாதிரி ஒரு புழு. இருவரும் குனிந்து பார்த்தோம். அவள் மெதுவாக ஈரச் சருகை இழுத்து அதன்மேல் போட்டாள்.

மாடி ஜன்னலில் தம்பியின் தலை. "புள்ள அழுவுது, எவ்ளோ நேரம்?"

"தூக்கி வச்சுக்குங்க," என்றாள், நிமிராமல்.

கொஞ்ச நேரத்தில் மேலே அவன் தாலாட்டுப் பாடுவது கேட்டது. குரல் சகிக்கவில்லை. நாங்கள் அடுத்த பாத்திக்குப் போனோம்.