ஒரு மணித்தியாலம் பிந்தி ஓடிய கணினி

வெள்ளவத்தை,
ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

பயப்பட ஒன்றுமில்லை, சிரிக்கத்தான் எழுதுகிறேன். எங்கள் மருத்துவமனையின் நோயாளர் பதிவுகளை வேறு இரண்டு கணினிகள் பின்னணியில் ஓயாமல் படியெடுத்துக்கொண்டிருக்கும். ஒன்று உடனுக்குடன் எடுக்கும். மற்றதை, யாராவது பிழைவிட்டால் திருத்த அவகாசம் இருக்கட்டும் என்று, ஒரு மணித்தியாலம் பிந்தி எடுக்க வைத்திருந்தேன். "மெடம், உங்கட கோச்சி இண்டைக்கும் லேட்டோ?" என்று, அதைப் பிந்தி வரும் ரயிலாக்கி மேலாளர் பிறெடி தினமும் நக்கலடிப்பார்.

வியாழக்கிழமை, புதிதாகச் சேர்ந்த றஷ்மி பழைய பதிவுகளை அழிக்கப் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். உடனுக்குடன் படியெடுக்கும் கணினியும் அப்படியே அழித்தது. "ஐயோ அக்கா, என்ட வேலை போச்சு!" என்று அழுதாள்.

"அழாதையும். கோச்சி அந்தப் பிழைக்கு வந்து சேர இன்னும் நாப்பது நிமிசம் கிடக்கு" என்று சொல்லி, பிந்தி வரும் கணினியை அந்தப் பிழைக்குச் சற்று முன்வரை ஓடவிட்டு நிறுத்தினேன். அதில் ஒரு பெயர்கூடக் குறையவில்லை. பிறெடி கேக் வாங்கி வந்து, "கோச்சிக்குத்தான் முதல் துண்டு" என்று எனக்கு நீட்டினார்.

றஷ்மி இனி ஞாயிறுகளில் என்னோடு சாப்பிட வருவாளாம். மிளகாய்த்தூள் இருவருக்குப் போதுமாக அனுப்புங்கள். ஒருத்திக்கே சமைத்து எனக்கு அளவு மறந்துவிட்டது. கதவு தட்டுகிறாள், சோறு இன்னும் வடிக்கவில்லை!

உங்கள் மகள்,
சுபோதினி