குடும்பத் தலைவி என்ற கட்டம்

ஏப்ரல் 2

அன்பு மகள் லேனிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் நாயும் பேஸ்மென்ட் ஹீட்டரும் வயதுக்குத் தக்கபடி முனகிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே அந்தத் தீவில் நீயும் நீ வேலைக்காக எண்ணுகிற மீன்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று ராத்திரி மறுபடி எட்டு அங்குலம் பனி. ஏப்ரலில் விஸ்கான்சினில் பனி பெய்வது புதிதா என்று கேட்பாய், புதிதில்லை, ஆனால் திட்டும் உரிமை எனக்கு உண்டு. இந்தக் கவரில் கடிதத்தோடு நான்கு தாள்கள் இருக்கும். அவற்றை முதலில் எடுத்துப் பத்திரமாக வை, உன் வீட்டுக் கடனுக்கு பேங்க்காரர் கேட்டால் காட்ட வேண்டியவை. நீ மூன்று வாரமாக என் போனை எடுக்கவில்லை, அதனால் தபால்காரரை நம்ப வேண்டியதாகிவிட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்குப் போனில் நீ கத்தியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை, நான் கத்தியதில் பாதி உனக்குக் கேட்டிருக்காது. நான் வருமான வரிக் கணக்கை எப்படி எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். பிப்ரவரி முதல் சனிக்கிழமை, சமையலறை மேசை, இடது பக்கம் போன வருஷத்துப் படிவம், வலது பக்கம் புதுப் படிவம். இடதைப் பார்த்து வலதில் எழுதுவேன், பஸ் கம்பெனி கொடுத்த சம்பளத் தொகையை மட்டும் மாற்றுவேன். பதினாறு வருஷமாக இதில் ஒரு தப்பும் வந்ததில்லை. சின்னப் பிள்ளையில் நீ பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாசிப்பாய், "நான் எங்கம்மா இருக்கேன்" என்று கேட்டு உன் பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைத்துக்கொள்வாய், ஒரு நகலில் ஜாம் கறை இன்னும் இருக்கிறது. உன் அப்பா ஃபுளோரிடாவுக்குப் போன வருஷம்தான் நான் முதன்முதலில், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு வரி குறைகிற குடும்பத் தலைவி என்ற கட்டத்தில் குறி போட்டேன். இந்த வீட்டுக்குத் தலைவி யார் என்பது எனக்கும் ஊருக்கும் அதற்கு முன்பே தெரியும், அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது. இந்தப் பிப்ரவரியிலும் அதே கட்டத்தில் குறி, என் பொறுப்பில் இருப்பவர் என்ற இடத்தில் உன் பெயர். பழக்கத்தில் கை எழுதிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அந்தப் பழக்கத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மார்ச்சில் நீ உன் கணக்கைக் கணினியில் அனுப்பி, அது ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, உன்னை யாரோ ஏற்கனவே தம் பொறுப்பில் இருப்பவளாகக் காட்டியிருக்கிறார்கள் என்று நீ சொன்னாயே, எனக்கு முதலில் உன் அப்பா நினைப்புதான் வந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷனைக் கூப்பிட்டேன். பத்து நிமிஷம் மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தேன், பழைய பாக்கியையும் சேர்த்துத்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக, "டோரின், நான் படகுல இருக்கேன். நான் எந்த வருஷம் அவளைக் காட்டியிருக்கேன்? நீதானே காட்டுவ" என்றார். பதினாறு வருஷத்தில் அந்த ஆள் சொன்ன ஒரே சரியான வார்த்தை, அதையும் என்னிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டேன், அதற்கப்புறம்தான் நீ, "அம்மா, நான் உன் வீட்ல குடியிருக்கலம்மா, எத்தனை தடவை சொல்றது" என்று கத்திவிட்டு வைத்தாய்.

போன செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போனேன். அங்கே வாரத்துக்கு இரண்டு நாள் சம்பளம் வாங்காமல் எல்லோருக்கும் வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பவர் வேறு யாருமில்லை, உனக்குப் பள்ளியில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்த வெர்ன் க்ளாவிட்டர்தான். ரம்பத்தில் ஒரு விரலைக் கொடுத்துவிட்டு ஒன்பது விரலோடு ஊருக்கே கணக்குப் பார்க்கிறார். எனக்கு முன்னால் ஒருவர் தன் வேட்டை நாயைப் பொறுப்பில் இருப்பவராகக் காட்டலாமா, அது தன் மனைவியைவிட அதிகம் சாப்பிடுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெர்ன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "அதுக்கு சமூகப் பாதுகாப்பு எண் இருக்கா?" என்று கேட்டார். "எண் இல்ல, ஆனா ஊசி போட்ட அட்டை இருக்கு" என்றார் அவர். சரி, இந்த ஊரில் நான் ஒருத்திதான் முட்டாள் என்று இல்லை என்று தைரியமாக உட்கார்ந்தேன்.

வெர்ன் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு பென்சிலால் குறித்துக்கொண்டே போனார். வயது என்ன என்றார், இருபத்தைந்து என்றேன். படிக்கிறாளா என்றார், படித்தெல்லாம் ஆயிற்று, மீனைப் பற்றி அவளுக்குத் தெரியாதது மீனுக்கே தெரியாது என்றேன். இல்லை என்று எழுதினார். போன வருஷம் எத்தனை நாள் உன் வீட்டில் தங்கினாள் என்றார். கிறிஸ்துமஸுக்கு நான்கு ராத்திரி, பனியில் விமானம் போகாததால் ஐந்து என்றேன். "சட்டம் பாதி வருஷத்துக்கு மேலன்னு கேக்குது, டோரின்" என்றார். உன் பூட்ஸ் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் என் வாசலில்தான் இருக்கிறது, உன் அறை, உன் கட்டில், உன் வேட்டை ஜாக்கெட், உன் நூலக அட்டைகூட இந்த ஊர் நூலகத்தில்தான் இருக்கிறது என்று அடுக்கினேன். "பூட்ஸுக்குச் சலுகை கிடையாது" என்றார். அவள் செலவில் பாதிக்கு மேல் நீ பார்த்தாயா என்றார். இரண்டு பெட்டி மான் சாஸேஜ், ஆறு ஜோடி கம்பளி சாக்ஸ், வாரா வாரம் போனில் அறிவுரை என்றேன். அறிவுரைக்கு விலை போட முடியாது என்றார், போட்டால் நான் என்றைக்கோ பணக்காரி ஆகியிருப்பேன் என்றேன். அதற்கும் இல்லை என்றே எழுதினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்போ நீ குடும்பத் தலைவி இல்ல, டோரின். நீ தனி ஆள்" என்றார். நூலகத்தில் எப்போதும் மற்றவர்கள் பேசுவது கேட்காது, அன்றைக்கு மட்டும் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது.

அன்றைக்கு அங்கே பின்னல் வகுப்புக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ஜோனிதான் ஊருக்குத் தந்தி. வெள்ளிக்கிழமை சர்ச்சில் மீன் விருந்துக்குப் போகிறேன், ஜோனியின் அண்ணன், மனைவி காலமாகி நான்கு வருஷமான அந்த ஸ்டான், தலையை வாரிக்கொண்டு என் மேசைக்கு வந்து, "அரசாங்கமே சொல்லிருச்சாமே, நீ தனி ஆள்னு. ஒரு பிராந்தி வாங்கித் தரட்டுமா?" என்றான். அரசாங்கம் நிறைய சொல்லும், நீ போய் உன் முட்டைக்கோஸைச் சாப்பிடு என்று அனுப்பினேன். பிராந்தியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்தப் பழக்கத்துக்கு வருகிறேன், இதை நீ உட்கார்ந்து படி. நான் சொன்னது பொய், லேனி. அந்த சனிக்கிழமை உன் பெயருக்கு வந்ததும் பேனா நின்றது. நீ கிறிஸ்துமஸ் சமயம் பாத்திரம் கழுவிக்கொண்டே அங்கே வீடு பார்க்கிறேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது. வாடகை வீடு என்றால் ஒருநாள் காலி செய்துவிட்டு வருவாய், சொந்த வீடு என்றால் வர மாட்டாய், எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எழுந்து போய் நாயை வெளியே விட்டேன், திரும்பி வந்து உன் பெயரை எழுதினேன். பேங்க் உன் வரிக் கணக்கைக் கேட்கும், உன் கடன் இதனால் தடுமாறும் என்று தெரியாது, அது சத்தியம். ஆனால் நீ இங்கே இல்லை என்பது தெரியும். உன் அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டியதுகூட, பழி அவர் மேல் இருக்கட்டும் என்ற ஆசையில்தான். உன் கணக்கு திரும்பி வந்த பிறகும் எட்டு நாள் திருத்தப் படிவத்தைத் தொடாமல் குளிர்பெட்டி மேலேயே வைத்திருந்தேன். அம்மா செய்தது தப்பு. மன்னித்துக்கொள்.

திருத்தப் படிவத்தில் என்ன மாற்றம், ஏன் என்று விளக்கம் எழுத ஒரு இடம் இருக்கிறது. நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன், ஜாம் கறை, பூட்ஸ், உன் அப்பா, படகு எல்லாம் இருந்தது. வெர்ன் முழுக்கப் படித்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டார், "இதைப் படிக்கிறவன் பாவம், அவனுக்கு இன்னும் நூறு படிவம் இருக்கும். சுருக்கமா எழுது" என்றார். அதனால், என் மகள் தன் சொந்தக் காலில் நிற்கிறாள், நான் தாமதமாக ஒப்புக்கொள்கிறேன், என்று எழுதினேன். தனி ஆள் என்ற கட்டத்தில் குறி போட்டேன். நேற்று பதிவுத் தபாலில் போயிற்று, இந்தக் கவரில் இருப்பது அதன் நகல். வரியில் எனக்குத் திரும்பி வந்த பணத்தில் ஒரு பகுதியை நான் திருப்பிக் கட்ட வேண்டும், அது ஏற்கனவே பனி தள்ளும் எந்திரமாகி வாசலில் நிற்கிறது, அது என் பாடு, நீ ஒரு டாலர் அனுப்பினாலும் கிழித்துப் போடுவேன்.

இனி நீ செய்ய வேண்டியதை வெர்ன் சொன்னபடி சொல்கிறேன். என் திருத்தம் முடிய மாதக்கணக்காகுமாம், அதுவரை கணினி உன் கணக்கைத் திருப்பிக்கொண்டே இருக்குமாம், அதற்குக் காத்திருக்காதே. உன் கணக்கை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, கடைசி நாளான பதினைந்தாம் தேதிக்குள் தபாலில் அனுப்பு, ரசீதை வாங்கி உன் நகலோடும் என் நகலோடும் பேங்கில் காட்டு. கையெழுத்தை மறந்துவிடாதே, பாதிப் பேர் கூட்டல் கழித்தலை நாலு தடவை பார்த்துவிட்டு கையெழுத்தில்தான் கோட்டை விடுகிறார்களாம். உங்களை வேறு யாராவது தம் பொறுப்பில் இருப்பவராகக் காட்ட முடியுமா என்று ஒரு கேள்வி வரும். முடியாது என்று போடு, யோசித்துக்கொண்டு உட்காராதே. அவர்கள் கேட்பது படுக்கையையும் சாப்பாட்டுச் செலவையும்தான், வேறெதையும் இல்லை என்று வெர்னிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

உன் வீடு நல்லபடியாக அமையட்டும், கூரை ஒழுகாமல் இருக்கட்டும், பக்கத்து வீட்டில் ஜோனி மாதிரி ஒருத்தியாவது கிடைக்கட்டும், கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். சாக்ஸை ஈரத்தோடு போடாதே. தனியாக ஒரு பெட்டி வரும், திறந்து பார். உன் பூட்ஸ்தான். சேறெல்லாம் தட்டி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், இனி உன் வாசலில் கிடக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டத்தில் மட்டும் தனி ஆளான உன் அம்மா,
டோரின்